பருவத்தின் நடுவில் பாடத்திலிருந்து விலகினால் ஆசிரியர் என்ன நினைப்பார்?

கேள்வி – கயல்

அமெரிக்காவில் ஓர் அரசுப் பல்கலைக்கழகத்தில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இளநிலை இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். இந்தப் பருவத்தில் எடுத்துள்ள 15 கிரெடிட்டில் 3 கிரெடிட் லீனியர் அல்ஜீப்ரா. வீட்டுப்பாடங்களில் சராசரியாக 90 இருந்தும், முதல் மிட்டெர்மில் 43, இரண்டாவதில் 40 தான் கிடைத்தது. வீட்டுப்பாடத்துக்கு 20 விழுக்காடு, மிட்டெர்ம் ஒவ்வொன்றுக்கும் 20, இறுதித் தேர்வுக்கு 40 என்பது கணக்கு. இப்போது ஒன்பதாம் வாரம். பத்தாம் வார வெள்ளிக்கிழமைக்குள் விலகினால் மதிப்பெண் பட்டியலில் ‘டபிள்யூ’ மட்டும் விழும், ஜிபிஏ குறையாது.

விதிகளைப் படித்துவிட்டேன்; என் தயக்கம் வேறு. இந்தப் பேராசிரியர், மாணவர்களைச் சந்திக்க ஒதுக்கிய ஆபீஸ் ஹவர் முடிந்த பிறகும் உட்கார வைத்து, எய்கன் மதிப்புகளை எனக்காகவே மறுபடியும் போர்டில் போட்டுக் காட்டியவர். 25 பேர் உள்ள சிறிய வகுப்பு என்பதால் நான் இல்லாதது பளிச்சென்று தெரியும். ஊரிலிருக்கும் அப்பாவோ, “அரியர் வைத்தாலும் பரவாயில்லை, பாதியில் எழுந்து வராதே, சொல்லிக்கொடுத்த வாத்தியாரை அவமதித்த மாதிரி ஆகிவிடும்” என்கிறார். கற்பிப்பவர்கள் இதை உண்மையில் எப்படி எடுத்துக்கொள்கிறார்கள்? அவரிடம் நேரில் சொல்ல வேண்டுமா, அல்லது பேசாமல் விலகிவிடுவதே நாகரிகமா?

பதில் 1 – கணக்கு வாத்தியார்

இங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் இதே பாடத்தை நெடுநாளாக நடத்தி வருபவன் என்ற முறையில் சொல்கிறேன்: பெரும்பாலும் அவர் இதை அவமதிப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார். விலகல் செய்தி எங்களிடம் வந்து சேரும் விதமே உணர்ச்சியற்றது. பதிவாளர் அலுவலகத்தின் கணினி அனுப்பும் இரண்டு வரி மின்னஞ்சல், அல்லது வகுப்புப் பட்டியலில் ஒரு பெயருக்கு எதிரே புதிதாக முளைத்திருக்கும் ‘டபிள்யூ’, அவ்வளவுதான். உங்களைப் போல அறைக்கு வந்து கேள்வி கேட்ட மாணவி என்றால் சற்று வருத்தம் இருக்கத்தான் செய்யும், ஆனால் முதல் மிட்டெர்ம் முடிந்த கையோடு கூப்பிட்டுப் பேசியிருக்கலாமோ என்று அது பெரும்பாலும் எங்கள் பக்கமே திரும்பும்.

எங்களுக்கு உண்மையில் எரிச்சலூட்டுபவர், வகுப்புக்கும் வராமல், முறைப்படி விலகவும் செய்யாமல், அக்டோபரில் காணாமல் போகிறவர். பருவ இறுதியில் அவருக்கு ‘எஃப்’ போட்டதும், அவர் கடைசியாக எந்தத் தேதியில் வகுப்பில் பங்கேற்றார் என்று பதிவாளர் அலுவலகம் கேட்கும். அரசு நிதியுதவி பெறுபவராக இருந்தால் அந்தத் தேதியை வைத்துத்தான் பணத்தைத் திருப்ப வேண்டுமா என்று பார்ப்பார்கள். இணையவழிப் பாடத்தில் தளத்துக்குள் நுழைந்ததை மட்டும் பங்கேற்பாகக் கொள்ள முடியாது என்பதால், அவர் கடைசியாகச் சமர்ப்பித்த வீட்டுப்பாடத்தையோ எழுதிய வினாடி வினாவையோ நான் தேடி எடுக்க வேண்டும். டிசம்பரில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே இந்த வேலை வரும்போது நாகரிகமாக முன்கூட்டியே விலகியவர்களை நன்றியோடு நினைத்துக்கொள்வேன்.

இனி உங்கள் எண்களுக்கு வருவோம். வீட்டுப்பாடத்தில் 18, மிட்டெர்ம்களில் 8.6, 8 என்று இதுவரை 34.6 புள்ளிகள் சேர்ந்துள்ளன. ‘சி’ தரத்துக்கு வழக்கமான 70 வேண்டுமானால், மீதி 35.4 புள்ளிகளை 40 விழுக்காடுள்ள இறுதித் தேர்விலேயே எடுக்க வேண்டும். அதாவது அதில் நூற்றுக்கு 88.5. நடக்கவே நடக்காது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் வீட்டுப்பாடத்தில் 90, தேர்வில் 40 என்ற இடைவெளிக்குப் பெரும்பாலும் ஒரே பொருள்தான் உண்டு: புத்தகம் திறந்திருக்கும்போது கணக்கு வருகிறது, மூடினால் வருவதில்லை. மிச்சமிருக்கும் வாரங்களில், நான்கு பாடங்களையும் பார்த்துக்கொண்டு, அதை முழுவதுமாகச் சரிசெய்வது கடினம். என் மாணவியாக இருந்தால் விலகச் சொல்லியிருப்பேன். 65 வாங்கிவிட்டு, எஞ்சியதை எளிதாகத் தேறக்கூடிய நிலையில் இருந்தும் பயந்து எழுந்து போகிறவரைத்தான் தடுப்பேன். அந்த விலகல் மட்டுமே எனக்கு இன்றும் மனத்தாங்கலாக இருக்கிறது.

பதில் 2 – மாலை வகுப்பு

மேலே எழுதியவரைப் போல எல்லோராலும் நிம்மதியாக இருக்க முடியாது. நான் ஒரு சமூகக் கல்லூரியில் பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தத்தில் கற்பிக்கிறேன். டி, எஃப், டபிள்யூ மூன்றையும் கூட்டி ‘டிஎஃப்டபிள்யூ விகிதம்’ என்று ஒன்றைப் பல கல்லூரிகள் கணக்கிடுகின்றன. 30 பேர் கொண்ட வகுப்பில் ஒன்பது பேர் அப்படிப் போனால் விகிதம் 30 விழுக்காடு, உடனே துறைத் தலைவர் காரணம் கேட்பார். ஆகவே ஒவ்வொரு விலகலும் எனக்கு வயிற்றில் ஒரு சிறு கலக்கத்தைத் தருகிறது என்பதை மறைப்பதற்கில்லை.

இருந்தாலும் கயல் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த விகிதத்தில் எஃப்-உம் டபிள்யூ-உம் ஒரே எடைதான். எனவே ஆசிரியருக்காகத் தாக்குப்பிடித்து, கடைசியில் தோற்பதால் அவருக்கு எந்த நன்மையும் கிடையாது. குழுத் திட்டத்தில் பாதி வேலையை ஏற்றுக்கொண்டு, கூட்டாளிகளுக்குக்கூடச் சொல்லாமல் விலகுகிறவர்மேல் எனக்குக் கோபம் வருவதுண்டு. அவர்களுக்காக வேலையை மறுபடி பங்கிட்டுத் தர வேண்டியிருக்கும்.

பதில் 3 – ஐ-20 அண்ணன்

ஆசிரியரின் மனநிலையைப் பிறகு பார்க்கலாம், தங்கையே. எஃப்-1 விசாவில் உள்ள இளநிலை மாணவர் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் படிக்க வேண்டும். 15-இல் 3 போனால் 12 என்று மேலோட்டமாகப் பார்த்தால் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் முழுவதும் இணையவழியில் நடக்கும் பாடங்களில் ஒன்றை மட்டுமே, 3 கிரெடிட் வரைதான், அந்த 12-இல் சேர்த்துக்கொள்வார்கள். மீதமுள்ள பாடங்களில் எத்தனை இணையவழி?

கயல்

இரண்டு. இதை நான் யோசிக்கவே இல்லை. அப்படியானால் என் கணக்கு 9 கிரெடிட் ஆகிவிடுமா?

ஐ-20 அண்ணன்

ஆம். விலகல் பொத்தானை இப்போது தொடவே வேண்டாம். பன்னாட்டு மாணவர் அலுவலகத்தில் உங்கள் விசா விவகாரங்களைக் கவனிக்கும் அதிகாரியான டிஎஸ்ஓவைச் சந்தித்து, குறைந்த பாடச்சுமைக்கு அனுமதி கிடைக்குமா என்று கேளுங்கள். தகுதிக்கு மீறிய நிலையிலுள்ள பாடத்தில் சேர்க்கப்பட்டிருப்பது போன்ற சில கல்விக் காரணங்களுக்கு, 6 கிரெடிட்டுக்குக் குறையாமல் இருந்தால், அவர் அனுமதி தரலாம். ஒரு பட்டப்படிப்பு நிலையில் ஒரு முறைதான் தருவார்கள், அடுத்த பருவம் முழுச் சுமைக்குத் திரும்ப வேண்டும். விலகுவதற்கு முன்பே அனுமதி, செவிஸ் என்ற அரசின் பன்னாட்டு மாணவர் பதிவேட்டில் ஏறியிருக்க வேண்டும் என்பதுதான் முக்கியம். அனுமதியின்றி விலகினால் உங்கள் விசா நிலையே பறிபோகலாம்.

கணக்கு வாத்தியார்

இது புதிய நிலைமை, ஆகவே என் ஆலோசனையும் சற்று மாறுகிறது. நேரில் சொல்ல வேண்டுமா என்று கேட்டீர்கள். இப்போது சொல்லித்தான் ஆக வேண்டும். பாடத்தின் நிலை உங்களுக்கு ஏன் பொருந்தவில்லை என்று ஆசிரியர் எழுதித் தரும் குறிப்பு டிஎஸ்ஓவிடம் உங்களுக்குத் துணையாக இருக்கும். மின்னஞ்சலில் மன்னிப்புக் கேட்டுப் பக்கம் பக்கமாக எழுத வேண்டியதில்லை. இரண்டு மிட்டெர்ம் மதிப்பெண்களையும், விலக எண்ணுவதையும், விசா சிக்கலையும் குறிப்பிட்டு, பத்து நிமிடம் சந்திக்க நேரம் கேளுங்கள். அனுமதி மறுக்கப்பட்டால் இறுதித் தேர்வு வரை இருந்தே ஆக வேண்டும். அப்போது எந்த அத்தியாயங்களை விட்டுவிடலாம், எதைப் பிடித்துக்கொள்ளலாம் என்று சொல்லக்கூடியவரும் அவரே.

கயல்

நாளைக் காலை டிஎஸ்ஓவிடம் நேரம் கிடைத்திருக்கிறது. பேராசிரியருக்கும் எழுதிவிட்டேன். விலகும்படி ஆனால் அடுத்த ஆண்டு அவரிடமே மறுபடி எடுப்பது அவருக்குச் சங்கடமாக இருக்குமா?

கணக்கு வாத்தியார்

இருக்காது. என் வகுப்பில் விலகி, அடுத்த ஆண்டு திரும்பி வந்து ‘பி’ வாங்கியவர்களுக்குப் பரிந்துரைக் கடிதமே எழுதியிருக்கிறேன். வருவதற்கு முன் கோடை விடுமுறையில், புத்தகத்தை மூடி வைத்துவிட்டு, பழைய இரண்டு மிட்டெர்ம் தாள்களையும் முழுதாகப் போட்டுப் பாருங்கள்.