வெளிநாட்டுக்காரங்க 'சிக்'னு சொன்னா வாந்தியா, காய்ச்சலா?

கேட்டவர்: கல்லாறு வளைவு

வணக்கம்ங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து குன்னூர், ஊட்டி, கோத்தகிரினு 11 வருசமா டாக்சி ஓட்டறேன். போன வாரம் நடந்த ஒண்ணு இன்னும் மனசை அறுத்துட்டே இருக்குது.

இங்கிலாந்துல இருந்து ஒரு குடும்பம். அப்பா, அம்மா, ஏழு வயசுப் பையன். மலை ரயில்ல டிக்கெட் கிடைக்காம என் வண்டில ஏறினாங்க. கல்லாறு தாண்டி ரெண்டாவது கொண்டை ஊசி வளைவு திரும்பறேன், அதுவரைக்கும் குரங்கைக் காட்டிக் காட்டிப் பேசிட்டு வந்த பையன் சத்தமே இல்லை. கண்ணாடில பார்த்தா உதடு வெளுத்து, நெத்தில பொடிப் பொடியா வேர்வை. அம்மா சொன்னாங்க, "ஐ திங்க் ஹி இஸ் கோயிங் டு பி சிக்".

எனக்குத் தெரிஞ்ச 'சிக்' எல்லாம் சிக் லீவ்ல வர்ற சிக்தாங்க. பையனுக்கு உடம்புக்கு முடியாமப் போகப் போகுது, பயப்படறாங்கனு நினைச்சேன். "நோ ப்ராப்ளம் மேடம், குன்னூர் குட் ஹாஸ்பிடல்"னு சொல்லிட்டு, சீக்கிரம் கொண்டுபோய்ச் சேர்த்திரணும்னு இன்னும் மிதிச்சேன். அவங்க திரும்பத் திரும்ப "சிக், சிக்"ங்கறாங்க, நான் "எஸ் மேடம், ஃபாஸ்ட், ஃபாஸ்ட்"ங்கறேன். அடுத்த வளைவுல அம்மா மடி, சீட்டு எல்லாம் வாந்தி. அந்தக் குழந்தை அழுதுட்டே என்னைப் பார்த்து "சாரி, சாரி"ங்குது. வேகமா வளைச்சவன் நான், சாரி கேட்கறது அவன்.

பர்லியார்ல நிறுத்தினேன். பழக்கடை அக்கா ஒரு குடம் தண்ணி குடுத்தாங்க, கழுவினோம். அப்ப அந்த அப்பா சீட்டைக் காட்டி "சாரி அபௌட் த சிக்"னார். எனக்கு அங்கேதான் சுத்தமா குழம்பிப் போச்சு. நோய் எப்படிங்க சீட்டு மேல கிடக்கும்?

'வாமிட்'னு ஒரு வார்த்தை சொல்லியிருந்தா அந்த நிமிசமே ஓரங்கட்டியிருப்பேன். விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க. வாந்திக்கு இவங்க இன்னும் என்னென்ன சொல்லுவாங்க? இனி ஒரு குழந்தைக்கு என் வண்டில இப்படி ஆகக்கூடாதுங்க.

---

பதில்: கோத்தகிரி டீச்சர்

தம்பி, 31 வருடம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள் நான். இந்தச் 'சிக்' நம் பாடப்புத்தகத்தில் பாதிதான் இருக்கிறது. உங்கள் மேல் தவறில்லை.

பிரிட்டிஷ்காரர் பேச்சில் 'ஃபீல் சிக்' என்றால் குமட்டுகிறது. 'பி சிக்' என்றால் வாந்தி எடுப்பது. 'கோயிங் டு பி சிக்' என்றால் இதோ வரப்போகிறது, வண்டியை நிறுத்து என்று அர்த்தம். 'ஹி வாஸ் சிக் ட்வைஸ்' என்று எண்ணிக்கை சொன்னால் சந்தேகமே வேண்டாம், இரண்டு முறை வாந்தி. வெளியே வந்ததற்கும் அவர்களுக்குச் 'சிக்'தான் பெயர். அந்த அப்பா சீட்டைக் காட்டிச் சொன்னது அதைத்தான். விமானத்தில் முன்சீட்டுப் பையில் சொருகி வைக்கும் காகிதப் பைக்கும் 'சிக் பேக்' என்றே பெயர். உடம்பு சரியில்லை என்பதற்கு அவர்கள் பெரும்பாலும் 'இல்' என்பார்கள். 'ஆஃப் சிக்' என்றால் உடம்பு முடியாமல் வேலைக்கு வரவில்லை என்று பொருள்.

அமெரிக்கர் 'ஐ வாஸ் சிக் லாஸ்ட் வீக்' என்றால் போன வாரம் உடம்பு சரியில்லை, அவ்வளவுதான். வாந்திக்கு அவர்கள் அதிகம் சொல்வது 'த்ரோ அப்'. மேலே எறிவது என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 'ப்யூக்' கொஞ்சம் கொச்சை, பிள்ளைகளும் கல்லூரிப் பசங்களும் சொல்வது. ஷேக்ஸ்பியரே 'ஆஸ் யூ லைக் இட்' நாடகத்தில் தாதி கையில் இருக்கும் குழந்தைக்கு அந்த வார்த்தையைத்தான் போட்டிருக்கிறார், ஆனாலும் விருந்தாளியிடம் நீங்கள் சொல்ல வேண்டாம்.

'ப்ரிங் அப்' என்று கைக்குழந்தை வைத்திருப்பவர்கள் சொன்னால் பால் எதுக்களித்தது என்று பொருள். பிள்ளையை வளர்ப்பதற்கும் அதே சொல்தான், என் மாணவிகள் இதில் எத்தனை பேர் திண்டாடினார்கள்! 'சிக் ஆஃப்' என்றால் அலுத்துப்போனது. அவன் பேச்சைக் கேட்டாலே குமட்டுகிறது என்று நாமும் சொல்கிறோமே, அந்த வழியில் வந்தது.

---

பதில்: கூடலூர் நர்ஸ்

அண்ணா, டீச்சர் சொன்னதோட இதையும் சேர்த்துக்கோங்க. எங்க வார்டுல மூணையும் தனித்தனியா எழுதுவோம். குமட்டுறது 'நாசியா'. கிரேக்க மொழில கப்பலுக்கான சொல்லுல இருந்து வந்ததுன்னு எங்க மேடம் சொல்லிக்குடுத்தாங்க, கடல்ல போறவங்களுக்கு வந்த குமட்டல். ஓங்கரிக்குது, வயித்தைப் பிடிச்சு இழுக்குது, ஆனா ஒண்ணும் வரலைன்னா 'ரெச்'. வெளிய வந்துட்டாத்தான் 'வாமிட்'. நம்ம ஊர்ல 'வாமிட்டிங் சென்சேஷன்'னு சொல்றது முதல் வகை. வெளிநாட்டுக்காரங்களுக்கு அது கொஞ்சம் புதுசா இருக்கும், ஆனா புரிஞ்சுக்குவாங்க.

மலையில ஏன் வருதுன்னா, காதுக்குள்ள இருக்கிற சமநிலை உறுப்பு வண்டி வளையறதை உணருது, கண்ணு போனையோ முன்சீட்டு முதுகையோ பார்த்துட்டு அசையவே இல்லைங்குது. ரெண்டும் ஒத்துப்போகாமத்தான் குமட்டுது. முன்னாடி உட்கார வெச்சு ரோட்டைப் பார்க்கச் சொல்லுங்க. மாத்திரைன்னா கிளம்பறதுக்கு முன்னாடியே போடணும், குழந்தைக்கு டாக்டரைக் கேட்காமக் குடுக்கவே கூடாது. ரெண்டு வயசுக்குக் கீழ அவோமின்ங்கற குமட்டல் மாத்திரை ஆகவே ஆகாது.

இன்னொண்ணு. வாந்தி காபித்தூள் மாதிரி இருந்தாலோ ரத்தம் தெரிஞ்சாலோ அது வளைவு பண்ணின வேலை இல்லை. அப்ப நேரா ஆஸ்பத்திரிக்குப் போங்க.

---

பதில்: டம்டம் பாறை

நான் கொடைக்கானல் ரூட்டு. வத்தலக்குண்டுல பரோட்டா சால்னா அடிச்சுட்டு ஏறுறவங்க டம்டம் பாறை வர்றதுக்குள்ள வாயெடுத்துருவாங்க. நான் இங்கிலீஷே கேக்குறதில்லை அண்ணே. ஓயாமப் பேசிட்டு வந்த ஆளு பேச்சை நிப்பாட்டி எச்சில் முழுங்குனா ஓரங்கட்டிருவேன். அந்தப் பையன் பேச்சை நிப்பாட்டுனதை நீங்களும் கவனிச்சீங்கல்ல, அதுதான் சிக்னல். இஞ்சி மொரப்பா ஒரு பொட்டலம் டேஷ்போர்டுல போட்டு வைங்க.

---

பதில்: கல்லாறு வளைவு

எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க. டீச்சரம்மா எழுதினதை ஒரு அட்டைல தமிழ்லயே எழுதி வைசருக்குப் பின்னாடி சொருகிட்டேன். மலையில பிளாஸ்டிக் கவருக்குத் தடைங்கறதால தடிச்ச பேப்பர் பை, உள்ளே மடிச்ச நியூஸ்பேப்பர், ஒவ்வொரு சீட்டுப் பின்னாடியும் வெச்சிருக்கேன். மொரப்பாவும் வாங்கியாச்சு.

ஞாயித்துக்கிழமை ஊட்டில இருந்து ஒரு வயசான இங்கிலீஷ்கார அம்மாவைக் கீழ இறக்கிட்டு வந்தேன். வெலிங்டன் தாண்டினதும் பேச்சு நின்னுச்சு, கை ஜன்னல் கம்பியைப் பிடிச்சுது. அகலமான ஓரம் பார்த்து நிறுத்திக் கதவைத் திறந்துவிட்டு, "மேடம், ஃபீல் சிக், ஆர் கோயிங் டு பி சிக்?"னு கேட்டேன். என்னை ஒரு நிமிசம் நிமிர்ந்து பார்த்தாங்க. "ஒன்லி ஃபீல்"னாங்க.

பத்து நிமிசம் காத்து வாங்கினாங்க. அப்புறம் முன்சீட்டுல உட்கார வெச்சு, கல்லாறு வரைக்கும் செகண்ட் கியர்லயே இறக்கினேன்.