கார் ரிப்பேருக்கு 41,000 எஸ்டிமேட், அதே மாதம் ஸ்கூல் ஃபீஸ்: எதை முதலில் பார்ப்பது?

ஆர்.எம்.நகர்_அப்பா

எல்லாருக்கும் வணக்கம். பெங்களூரு ராமமூர்த்தி நகரில் வாடகை வீட்டில் இருக்கிறோம், நான், மனைவி, இரண்டு பிள்ளைகள், அப்பா. வேலை பெல்லந்தூரில். கார் 2015 மாடல் பெட்ரோல் ஹேட்ச்பேக், செகண்ட் ஹேண்டில் வாங்கியது, இதுவரை பெரிய செலவு எதுவும் வைக்கவில்லை. போன மாதக் கடைசியிலிருந்து மேம்பாலம் ஏறும்போது இன்ஜின் சத்தம் மட்டும் கூடுகிறது, வண்டி ஏறமாட்டேன் என்கிறது. டின் ஃபேக்டரி சந்திப்பு நெரிசலில் நின்று நின்று போனால் கருகிய வாடை வேறு.

கம்பெனி சர்வீஸ் சென்டரில் விட்டேன். கிளட்ச் போய்விட்டது என்றார்கள், அது எதிர்பார்த்ததுதான். ஆனால் சாயந்திரம் வாட்ஸ்அப்பில் வந்த எஸ்டிமேட்டைப் பார்த்ததும் தலை சுற்றிவிட்டது. கிளட்ச் செட் 9,800, அதற்கு லேபர் 4,500. முன் பிரேக் பேட் 2,600, டிஸ்க் இரண்டும் மாற்ற 5,200. லோயர் ஆர்ம் இரண்டு 5,400, லிங்க் ராட் 2,200, இன்ஜின் மவுன்டிங் 3,100. இதற்கு மேல் இன்ஜெக்டர் கிளீனிங், இன்ஜின் ஃப்ளஷ், ஏ.சி. ட்ரீட்மென்ட், அடிப்பாகத்துக்கு கோட்டிங் என்று 8,200. மொத்தம் 41,000.

இதே மாதம்தான் பிள்ளைகள் இருவருக்கும் முதல் டெர்ம் ஃபீஸ் 46,000 கட்ட வேண்டும். வீட்டு ஓனர் வாடகையை ஏற்றிவிட்டார். அடுத்த மாதம் கார் இன்ஷூரன்ஸ் வேறு வருகிறது. அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததிலிருந்து இடது கால் சரியாக வராது, பிசியோதெரபிக்கு ஆட்டோவில் ஏற்றி இறக்குவது பெரும்பாடு, அதனால் கார் இல்லாமலும் முடியாது. ஃபீஸுக்குப் பணம் எடுத்து வைத்திருக்கிறேன், அதைத் தொட்டால் கார் வேலை முடிந்துவிடும், ஆனால் ஃபீஸ் நிற்கும். கையில் வேறு என்ன இருக்கிறது என்றால் அப்பாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்கென்று போட்ட 60,000 எஃப்.டி., அப்புறம் கிரெடிட் கார்டு. எஃப்.டி.யை உடைக்கவே கூடாது என்கிறாள் மனைவி, ராத்திரியில் ஏதாவது என்றால் யாரிடம் போய் நிற்பது என்று கேட்கிறாள், அது நியாயம்தானே.

கார்டில் தேய்த்துவிட்டு மாதாமாதம் மினிமம் டியூ, அதாவது கட்டியே ஆக வேண்டிய குறைந்தபட்சத் தொகையை மட்டும், கட்டிக்கொண்டு போகலாமா? இல்லை, இருக்கிற நிலையிலேயே வண்டியை விற்றுவிடுவது மேலா? வழி தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜே.சி.ரோடு_ஸ்பேர்ஸ்

தம்பி, முதலில் அந்த 41,000 என்கிற எண்ணை மறந்துவிட்டு வரி வரியாகப் பாருங்கள். நான் ஜே.சி. ரோட்டில் உதிரிபாகக் கடையில் இருக்கிறேன், இந்த மாதிரி எஸ்டிமேட்டைக் கையில் வைத்துக்கொண்டு தினமும் யாராவது வந்து நிற்பார்கள். அதில் வண்டியை ஓட விடாதது ஒன்று இருக்கும், உயிருக்கு ஆபத்தானது ஒன்றிரண்டு இருக்கும், மீதி எல்லாம் மாதக்கணக்கில் காத்திருக்கும்.

கிளட்ச் காத்திருக்காது. சந்தேகம் இருந்தால் நீங்களே பார்க்கலாம். சமதரையில், முன்னால் ஆள் இல்லாத இடத்தில் ஹேண்ட் பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். நல்ல கிளட்ச் என்றால் இன்ஜின் உடனே அணைந்துவிடும், அணையாமல் ஓடிக்கொண்டே இருந்தால் பிளேட் வழுக்குகிறது. ஒரு தடவை போதும், திரும்பத் திரும்பச் செய்தால் மிச்சம் இருப்பதும் கருகிப் போகும்.

மாற்றும்போது பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றையும் சேர்த்தே மாற்றுங்கள். இங்கே லேபர் என்பது பெரும்பாலும் கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதற்கான கூலி. பேரிங்கை மிச்சம் பிடித்து அது பிறகு சத்தம் போட்டால் அதே கூலியை இன்னொரு தரம் கொடுக்க வேண்டியிருக்கும். இறக்கும்போதே கிராங்க் பின்பக்க ஆயில் சீலையும் பார்க்கச் சொல்லுங்கள், விலை குறைந்த சாமான், ஆனால் அது கசிந்தால் புது பிளேட்டில் எண்ணெய் ஏறி எல்லாம் பாழ். பிளேட் உராய்கிற ஃப்ளைவீலில் நீலத் திட்டுகள் இருக்கின்றனவா என்றும் கேளுங்கள், அதிகமாகச் சூடேறியதன் அடையாளம் அது.

பிரேக் பேட் தேய்ந்திருந்தால் தள்ளிப்போடாதீர்கள். டிஸ்க் விஷயம் வேறு. குறைந்தபட்சக் கனம் எத்தனை மில்லிமீட்டர் என்று பெரும்பாலும் டிஸ்க்கிலேயே பொறித்திருக்கும். வெர்னியர் என்கிற அளவுகோல் வைத்து உங்கள் கண் முன்னால் அளக்கச் சொல்லுங்கள், அதற்கு மேல் இருந்து, ஆழமான கோடும் ஆட்டமும் இல்லை என்றால் இப்போது மாற்ற வேண்டியதில்லை. லோயர் ஆர்மில் பால் ஜாயின்ட், அதாவது சக்கரத்தோடு சேர்கிற மூட்டு, ஆடுகிறதா என்று சக்கரத்தைத் தூக்கி ஆட்டிக் காட்டச் சொல்லுங்கள், ஆடுகிற பக்கத்தை உடனே மாற்றியாக வேண்டும், அதில் விளையாட்டு வேண்டாம். லிங்க் ராட் பள்ளத்தில் டக் டக் என்று சத்தம் போடும், அவ்வளவுதான், பொறுக்கலாம். இன்ஜின் மவுன்டிங்கும் முழுசாகக் கிழியாமல் அதிர்வு மட்டும் என்றால் பொறுக்கும். அந்த 8,200 ரூபாய் ட்ரீட்மென்ட்டை மொத்தமாக அடித்துவிடுங்கள். நீங்கள் சொன்ன எந்தக் கோளாறுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

வெளி கேரேஜில் கொடுத்தால் சாமான் பில்லும் லேபர் பில்லும் தனித்தனியாக வாங்குங்கள். கார் உதிரிபாகங்களுக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்துவிட்டது, யாராவது இன்னும் 28 போட்டால் கேளுங்கள். எங்கள் தெருவிலேயே போலி டப்பாவும் உண்டு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும், அதனால் பில் இல்லாத சாமான் வேண்டாம். கழற்றிய பழைய சாமானைக் கையில் வாங்கிப் பாருங்கள்.

ஹலசூர்_அக்கா

தம்பி, கார் விஷயம் அண்ணன் சொல்லிவிட்டார், நான் வீட்டுக் கணக்கைச் சொல்கிறேன். ஃபீஸ் பணத்தைக் காருக்கு எடுக்காதீர்கள், அதே சமயம் 46,000-ஐயும் ஒரே நாளில் கட்டியாக வேண்டும் என்றும் நினைக்காதீர்கள். கடைசித் தேதி தாண்டிய பிறகு போய் நின்றால் அபராதம் பற்றித்தான் பேசுவார்கள், தேதிக்கு முன்னாலேயே பிரின்சிபாலைப் பார்த்து, மூன்று தவணையாகத் தருகிறேன், இன்ன தேதிகளுக்கு செக் எழுதித் தருகிறேன் என்று கடிதமாகக் கொடுத்தால் பேச்சே வேறு மாதிரி இருக்கும். எங்கள் மகளுக்கு நாங்கள் அப்படித்தான் செய்தோம். வெட்கப்பட இதில் ஒன்றுமே இல்லை, நாம் கட்டமாட்டோம் என்று சொல்லவில்லையே.

உங்கள் வீட்டுக்காரம்மா எங்கே வேலைக்குப் போகிறார், எப்படிப் போகிறார் என்று நீங்கள் எழுதவில்லை. கர்நாடக முகவரி போட்ட ஆதார் இருந்தால் பி.எம்.டி.சி. சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் காசு இல்லை, சக்தி திட்டம், 2023 ஜூன் 11-லிருந்து நடக்கிறது. ஏ.சி. வஜ்ரா பஸ்ஸுக்கு அது செல்லாது. ஆதார் இன்னும் ஊர் முகவரியிலேயே இருக்கிறது என்றால் இப்போதே மாற்றுங்கள், நம் ஆட்கள் நிறையப் பேர் இதற்குச் சோம்பல் பட்டே மாதாமாதம் காசை விடுகிறார்கள், பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

கரண்ட் பில்லுக்கு கர்நாடக அரசின் இலவச மின்சாரத் திட்டம் கிருஹ ஜோதி இருக்கிறது, 200 யூனிட் வரை. உங்கள் மீட்டரின் பழைய சராசரியோடு 10 சதவீதம் சேர்த்து வருகிற யூனிட் உங்கள் அளவு. வாடகைக்கு இருப்பவர்களும் சேவா சிந்து என்கிற அரசு இணையதளத்தில் பதியலாம். வீடு மாறி வந்திருந்தால் பழைய வீட்டு இணைப்பை நீக்கிவிட்டுத்தான் புதுசுக்குப் பதிய முடியும், அதைப் பாருங்கள்.

அப்புறம், கார் கேரேஜில் இருக்கும் வரைக்கும் நீங்களும் பஸ்ஸில் போய்ப் பாருங்களேன். டின் ஃபேக்டரியிலிருந்து பெல்லந்தூருக்கு 500-டி இருக்கிறது. கூட்டம் இருக்கும்தான், ஆனால் அந்த ரோட்டில் காரும் வேகமாகப் போய்விடுவதில்லை.

பேங்க்_ரிட்டயர்டு

சார், மினிமம் டியூ யோசனையை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். வங்கியில் இருந்தவன் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்கிறேன், அந்த வழியில் போய் மீள முடியாமல் அல்லாடிய குடும்பங்களை நேரில் பார்த்திருக்கிறேன். பல கார்டுகளில் வட்டி மாதத்துக்கு மூன்றரை சதவீதத்தை ஒட்டி இருக்கும், அதாவது வருஷத்துக்கு 42. 15,000 ரூபாய் பாக்கி நின்றால் ஒரு மாத வட்டி 525, அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 620-ஐ நெருங்கும். பாக்கி இருக்கும் வரைக்கும் நீங்கள் புதிதாகத் தேய்க்கிற மளிகை சாமானுக்கும் வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும், வழக்கமாகக் கிடைக்கிற வட்டியில்லாத நாட்கள் போய்விடும். இது பலருக்கும் தெரிவதில்லை.

உங்கள் மனைவி சொல்வது சரி, எஃப்.டி.யை உடைக்க வேண்டாம். அதை அடமானமாக வைத்து ஓவர்டிராஃப்ட், அதாவது வேண்டும்போது வேண்டிய அளவு எடுத்துக்கொள்கிற கடன், கேளுங்கள். பொதுவாக 90 சதவீதம் வரை தருவார்கள், 60,000-க்கு 54,000. வட்டி எஃப்.டி. வட்டியைவிட ஒன்றிரண்டு சதவீதம்தான் கூட, அதுவும் எடுத்த தொகைக்கு மட்டும். எட்டரை சதவீதம் என்று வைத்தால் 15,000-க்கு மாதம் 106 ரூபாய். முக்கியமான விஷயம், மீதி 39,000 அதே கணக்கில் எடுக்கிற நிலையில் இருக்கும். ராத்திரி அப்பாவுக்கு ஏதாவது என்றால் எஃப்.டி.யை உடைக்க காலை வரை காத்திருக்கக்கூட வேண்டாம். இதை வீட்டில் சொல்லுங்கள், அவர்களுக்கும் நிம்மதியாக இருக்கும்.

வண்டியை விற்பது பற்றி. கிளட்ச் வழுக்குகிற வண்டியை எடுத்துக்கொண்டு போனால், வாங்குகிறவர் ரிப்பேர் செலவைவிட அதிகமாகக் குறைத்துக் கேட்பார். விற்பதாக இருந்தாலும் சரி செய்துவிட்டு, நிதானமாக இருக்கும்போது விலை பேசுங்கள்.

இன்ஷூரன்ஸைத் தவறவிடாதீர்கள். கிளைம் இல்லாமல் வந்திருந்தால் நோ கிளைம் போனஸ் 20-லிருந்து படிப்படியாக 50 சதவீதம் வரை சேர்ந்திருக்கும், பாலிசி முடிந்து 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அத்தனையும் போச்சு. தேய்மானத்தால் போன கிளட்ச்சுக்கு இன்ஷூரன்ஸ் தராது, யாராவது கிளைம் வாங்கித் தருகிறேன் என்றால் நம்ப வேண்டாம்.

ஆர்.எம்.நகர்_அப்பா

பதில் எழுதிய மூன்று பேருக்கும் மனமார்ந்த நன்றி. சர்வீஸ் சென்டரிலிருந்து வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன், பார்த்ததற்கான கூலி மட்டும் வாங்கினார்கள். பானஸ்வாடியில் ஒரு கேரேஜில் விட்டேன். டிஸ்க்கை என் முன்னாலேயே அளந்தார்கள், கனம் போதுமான அளவு இருக்கிறது. லோயர் ஆர்மில் இடது பக்கம்தான் ஆட்டம், வலது பக்கம் கெட்டி. கிளட்ச் செட், ஆயில் சீல், பேட், ஒரு லோயர் ஆர்ம், லேபர், அலைன்மென்ட் எல்லாம் சேர்த்து 19,400. பழைய பிளேட்டைக் கையில் கொடுத்தார் மெக்கானிக், உராய்கிற பகுதி தேய்ந்து ரிவெட் தலைகள் வெளியே வந்து பளபளவென்று இருந்தன, பிரஷர் பிளேட்டில் அந்த ரிவெட்டுகள் கீறிய வட்டக் கோடு. இன்னும் கொஞ்ச நாள் ஓட்டியிருந்தால் நடுவழியில் நின்றிருக்கும் என்றார்.

எஃப்.டி. மேல் ஓவர்டிராஃப்ட் கிடைத்துவிட்டது, 15,000 எடுத்தேன், மீதியைச் சம்பளத்தில் போட்டேன். மனைவிக்கு அந்த 39,000 கணக்கை எழுதிக் காட்டிய பிறகுதான் முகம் தெளிந்தது. அவள் ஆதார் இன்னும் திருப்பத்தூர் முகவரியில்தான் இருக்கிறது, மாற்ற எழுதிக் கொடுத்திருக்கிறோம். ஸ்கூலில் இரண்டு தவணைக்கு ஒத்துக்கொண்டார்கள், மூன்று கிடைக்கவில்லை, பரவாயில்லை.

ஜே.சி.ரோடு அண்ணா, ஒன்று மட்டும் கேட்க வேண்டும். புது கிளட்ச்சை எப்படி ஓட்டினால் நீடிக்கும்? தினமும் அதே நெரிசல்தான்.

ஜே.சி.ரோடு_ஸ்பேர்ஸ்

நல்ல காரியம் செய்தீர்கள் தம்பி. முதல் சில நூறு கிலோமீட்டருக்கு வண்டியைத் துள்ள விட்டு எடுக்காதீர்கள், பாரம் ஏற்றிக்கொண்டு ஏற்காடு மலை மாதிரி எங்கேயும் போக வேண்டாம், புது பிளேட் படிந்து உட்கார வேண்டும். நெரிசலில் நிற்கும்போது நியூட்ரலுக்கு வந்து காலை முழுசாக எடுத்துவிடுங்கள், பெடல் மேல் பாதம் சும்மா கிடந்தாலே பேரிங் தேயும். மேம்பால ஏற்றத்தில் வண்டி பின்னால் உருளாமல் இருக்க ஹாஃப் கிளட்ச்சில், பெடலைப் பாதி அழுத்தியபடி, பிடித்து நிறுத்துகிறார்கள் பாருங்கள், இந்த ஊரில் கிளட்ச்சைக் கொல்வது அதுதான். ஹேண்ட் பிரேக் போட்டு நில்லுங்கள், நகரும்போது பிளேட் பிடிப்பது தெரிந்ததும் விடுங்கள். முன் வண்டி ஒரு அடி நகர்ந்தால் நீங்களும் உடனே ஒரு அடி நகர வேண்டாம், கொஞ்சம் இடம் விட்டு முதல் கியரில் ஒரேயடியாக உருளுங்கள். பின்னால் ஹாரன் அடிப்பான், அடிக்கட்டும்.

இன்ஜின் மவுன்டிங்கை அடுத்த சர்வீஸில் ஒரு தடவை பார்க்கச் சொல்லுங்கள். பில்லைப் பத்திரமாக வையுங்கள், கிளட்ச் செட்டுக்கு வாரன்டி இருந்தால் அதைக் காட்டித்தான் கேட்க முடியும்.