மாட்ரிட்டிலிருந்து வெலிங்டனுக்குக் குடிபோகிறோம். அன்றாடத்தில் என்ன மாறும்?

மேசைவிளக்கு:
வணக்கம். ஏழு வருடமாக மாட்ரிட்டில் இருக்கிறோம். மனைவிக்கு நியூசிலாந்தின் வெலிங்டனில் வேலை கிடைத்திருக்கிறது, ஜனவரியில் கிளம்புகிறோம். மகளுக்கு 9 வயது, மகனுக்கு டிசம்பரில் 5 முடிகிறது. விசா, வரி எல்லாம் விசாரித்தாயிற்று. காலையில் எழுந்ததிலிருந்து இரவு படுக்கும் வரை எது மாறும் என்றுதான் தெரிய வேண்டும். மலை, ஏரி, ஆட்டுக்கூட்டம் படங்கள் வேண்டாம். இரண்டு ஊரிலும் குடித்தனம் நடத்தியவர்கள் இருந்தால் சொல்லுங்கள்.

சும்மாஒருவன்:
மாட்ரிட்டில் நேர் கீழே துளை போட்டுக்கொண்டே போனால் நியூசிலாந்தின் வடக்குத் தீவில், வெபர் என்ற குட்டி ஊருக்குப் பக்கத்தில் வெளியே வரலாம். வெலிங்டனுக்கு வடகிழக்கே. அதனால் கிழக்கே பறந்தாலும் மேற்கே பறந்தாலும் தூரம் ஏறக்குறைய ஒன்றுதான். டிக்கெட் மலிவான பக்கமாகப் போங்கள். குடித்தனம் பற்றி எனக்குத் தெரியாது, வேடிக்கை பார்க்க வந்தேன்.

வடக்குஜன்னல்:
நாங்கள் 2017இல் இதே மாற்றத்தைச் செய்தோம். முதலில் வீட்டு விஷயம், ஏனென்றால் நான் அடிபட்டது அதில்தான்.

மாட்ரிட்டில் தெற்கு பார்த்த வீடு என்றால் விளம்பரத்திலேயே பெருமையாகப் போடுவார்கள். அந்தப் பழக்கத்தில் வெலிங்டனிலும் ஹால் ஜன்னல் தெற்கு பார்த்த வீடாகத் தேடிப் பிடித்தேன். பார்க்கப் போனது பிப்ரவரியில், நல்ல கோடை, வெளிச்சமாகத்தான் இருந்தது. மே மாதம்தான் உறைத்தது: இங்கே சூரியன் வடக்குப் பக்கமாகப் போகிறது! ஜூன் முழுக்க ஹாலுக்குள் ஒரு பொட்டு வெயில் விழவில்லை. தெற்கிலிருந்து வரும் குளிர்காற்று மட்டும் தவறாமல் வந்தது. அலமாரியை நகர்த்தினால் சுவரில் கறுப்பாகப் பூஞ்சை. உள்ளே வைத்திருந்த தோல் பையில் பச்சை பூத்திருந்தது. படித்தவள்தான், பூமி உருண்டை என்றும் தெரியும். என்ன பிரயோசனம்?

மாட்ரிட்டில் எங்கள் கட்டடத்துக்கே பொதுவான சூடேற்றல் இருந்தது. குளிர்காலத்தில் ரேடியேட்டர் தானாகச் சுடும், வீட்டுக்குள் அரைக்கைச் சட்டையோடு திரிவோம். இங்கே மரவீடுகள், பழையதென்றால் ஒற்றைக் கண்ணாடி ஜன்னல். ஹாலில் ஒரு ஹீட் பம்ப் (சூடேற்றும் ஏசி மாதிரி) ஓடும், படுக்கையறையில் மூச்சு விட்டால் புகை தெரியும். வாடகை வீட்டின் ஹாலை 18 டிகிரி வரை சூடாக்க வசதி இருக்க வேண்டும் என்று 2019இல் விதி வந்தது, கையெழுத்துப் போடும் முன் கேளுங்கள். வாடகை வாரக் கணக்கு. விளம்பரத்தைப் பார்த்து மாத வாடகை என்று நினைத்து ஐந்து நிமிடம் சந்தோஷமாக இருந்தேன். மாட்ரிட் ஜன்னல்களில் வெளிச்சத்தை அடைக்க இறக்கிவிடுவோமே, அந்தப் பெர்சியானாவும் கிடையாது, டிசம்பரில் ஆறு மணிக்கு முன்பே வெயில் முகத்தில் அடிக்கும்.

அடுத்தது சாப்பாட்டு நேரம். ஸ்பெயின் 1940இல் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளியது, அப்புறம் திருப்பி வைக்கவே இல்லை. அதனால்தான் ஜூனில் இரவு 9.45 வரை வெளிச்சம், பத்து மணிக்குச் சாப்பாடு. வெலிங்டனில் ஜூன் மாதம் ஐந்துக்கே இருட்டிவிடும். வந்த புதிதில் பக்கத்து வீட்டம்மா ஆறு மணிக்கு 'டீ'க்குக் கூப்பிட்டார். மூன்று மணிக்கு வயிறு முட்டச் சாப்பிட்டுவிட்டு, ஒரு கோப்பை டீதானே என்று போனோம். மேசையில் முழு ஆட்டுத்தொடை. இங்கே இரவுச் சாப்பாட்டையே 'டீ' என்று சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். எட்டு மணிக்கெல்லாம் அவர் கொட்டாவி விட்டார், நாங்கள் கிளம்பினோம்.

எனக்கு இன்னும் ஏக்கம் மாட்ரிட் ராத்திரிகள்தான். பதினோரு மணிக்குச் சதுக்கத்தில் பிள்ளைகள் பந்தடிக்க, பெஞ்சில் தாத்தா பாட்டிகள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பார்கள். இங்கே செவ்வாய்க்கிழமை ஒன்பது மணிக்குத் தெருவில் காற்று மட்டும்தான். ஆனால் கணவர் ஐந்தேகாலுக்கு வீடு வந்துவிடுகிறார், கோடையில் அதற்குப் பிறகும் கடற்கரைக்குப் போக நேரம் இருக்கிறது. மாட்ரிட்டில் அவர் எட்டரைக்கு முன் வந்ததாக நினைவே இல்லை.

பள்ளி கவலை வேண்டாம். வருடம் ஜனவரி கடைசி, பிப்ரவரி தொடக்கத்தில் ஆரம்பிக்கும், ஐந்து வயதானால் பையனும் சேரலாம். இன்னொரு நிம்மதி: ஸ்பெயினில் ஆளுக்கு இரண்டு குடும்பப் பெயர் வேண்டும், இங்கே இரண்டாவது எங்கே என்று எந்தப் படிவமும் கேட்காது. அப்பா பெயரை வைத்துக்கொண்டு ஸ்பெயினில் நாம் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும்.

மேசைவிளக்கு:
நன்றி அக்கா. குறித்து வைத்திருந்த மூன்று வீட்டையும் உடனே வரைபடத்தில் பார்த்தேன். மூன்றும் தெற்கு! தேடியதே நான்தான், மனைவியிடம் இன்னும் சொல்லவில்லை. இன்னொன்று: மைத்துனர் மாட்ரிட்டிலேயே இருப்பார். நேர வித்தியாசம் சரியாக 12 மணிதானே?

வடக்குஜன்னல்:
ஜனவரியில் 12. கடிகாரத்தைப் பார்த்தால் போதும், அங்கேயும் அதே மணி, பகல் இரவு மட்டும் மாற்றி. மார்ச் கடைசி ஞாயிறு அங்கே கோடை நேரம் தொடங்கும், ஏப்ரல் முதல் ஞாயிறு இங்கே முடியும். நடுவில் 11, அப்புறம் 10. செப்டம்பர் கடைசியில் மறுபடி 11, அக்டோபர் கடைசியில் 12. என் தம்பி அங்கேதான் இருக்கிறான். இரவு எட்டுக்குப் பேசுவான், ஜனவரியில் எனக்குக் காலை எட்டு. ஜூலையிலும் அதே எட்டுக்கே கூப்பிட்டுக் காலை ஆறு மணிக்கு என்னை எழுப்பிவிடுவான்.

அந்த மூன்றையும் விட்டுவிடுங்கள். வடக்கு பார்த்தது கிடைத்தாலும் எதிரே குன்று நின்று வெயிலை மறைக்கிறதா என்று பாருங்கள். வெலிங்டனில் அது வேறு இருக்கிறது.