நீர்வண்ணப் படங்களில் பூஞ்சை: என்ன செய்வது?

பினாங்கு ஜார்ஜ் டவுன் கடைவீட்டில் கீழே ஓவியக்கூடம், மேலே நாங்கள் நால்வர். மகள் வீட்டுப்பாடம் எழுதும் மேசைதான் கல்லாவும். அர்மீனியன் தெருவில் 2012-இல் வரைந்த சுவரோவியத்தைப் பார்க்க வருபவர்கள் இங்கே அஞ்சலட்டைதான் வாங்குகிறார்கள், அது போகட்டும். மழையில் படங்களின் பின்னட்டையில் சாம்பல் புள்ளி. ராத்திரி முழுக்க ஏர்கோன் போட்டால் பில் தாங்கவில்லை.

பதில்: ஈரம் உறிஞ்சும் மெஷின் வாங்குங்கள் அக்கா, ஈரப்பதம் 55 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. சட்டத்துக்குப் பின்னால் தக்கைத்துண்டு வையுங்கள், காற்றோடும்.

பதில்: சுவருக்கு என்ன பெயிண்ட்? பழைய சுண்ணாம்புச் சுவரில் பிளாஸ்டிக் பெயிண்ட் அடித்தால் ஈரம் உள்ளேயே தங்கும்.

ஐயோ, தைப்பூசத்துக்கு முன்னால்தான் அதை அடித்தோம்! சரி, சுரண்டுகிறேன். தக்கை நாளைக்கே.