கண்ணாடியில் இரண்டு டப்பா: ரேடார் டிடெக்டர், டேஷ்கேம் வைத்திருப்பவர்கள் உங்கள் கதையைச் சொல்லுங்கள்

கரிசல்காட்டான் (கேரி, வட கரோலினா)

70 மைல் போகலாம் என்று போர்டு வைத்திருக்கிற ரோட்டில் 68-ல் போய் போலீஸிடம் மாட்டியவன் நான். நம்ப மாட்டீர்கள், ஆனால் டேஷ்கேமில் (கண்ணாடியில் ஒட்டி ரோட்டைப் படம் பிடிக்கிற கேமரா) வீடியோ இருக்கிறது.

வருஷத்துக்கு இரண்டு தடவை நியூ ஜெர்சி எடிசனில் இருக்கும் மச்சான் வீட்டுக்குக் காரில் போவோம். எட்டு மணி நேரம், வாஷிங்டன் டி.சி. பக்கம் டிராஃபிக்கில் சிக்கினால் பத்து. நடுவில் வர்ஜீனியா. அங்கே லிமிட்டுக்கு மேல் 20 மைல் போனாலோ, லிமிட் எதுவானாலும் 85-ஐத் தாண்டினாலோ அது வெறும் ஸ்பீடிங் இல்லை, ரெக்லெஸ் டிரைவிங். கிரிமினல் கேஸ். 2020 ஜூலைக்கு முன்னால் 80-ஐத் தாண்டினாலே அந்தக் கதிதான். விசாவில் இருக்கிறவனுக்கு இதைக் கேட்டாலே வயிற்றைக் கலக்கும். அந்தப் பயத்தில், போலீஸ் வேகம் பார்க்கிற ரேடார் அலை வந்தால் கத்திச் சொல்கிற டிடெக்டர், நல்லதாக ஒன்று வாங்கினேன். விலையைச் சொன்னால் வீட்டில் இன்றும் பிரச்சினை, அதை விடுங்கள்.

வேடிக்கை என்னவென்றால், எந்த மாநிலத்துக்குப் பயந்து வாங்கினேனோ அங்கேதான் அதை வைக்கக் கூடாது. பெரிய லாரிகளுக்கு நாடு முழுக்கத் தடை. நம்மைப் போன்ற சாதாரணக் கார்களுக்குத் தடை போட்டிருப்பது வர்ஜீனியாவும் டி.சி.யும்தான். வர்ஜீனியாவில் ஒரு சின்ன இடைவெளி உண்டு: கரண்ட் இணைப்பு இல்லாமல், காரில் இருக்கும் யார் கைக்கும் எட்டாத இடத்தில் இருந்தால் குற்றமில்லை. அதனால் எல்லைக்கு முன்னாலேயே கழற்றி டிரங்கில், பெட்டிகளுக்கு அடியில் போட்டுவிடுவேன். மேரிலாந்து வந்த பிறகுதான் மறுபடி வெளியே எடுப்பது. (போட்டோமக் ஆற்றைத் தாண்டும் வுட்ரோ வில்சன் பாலத்தில் கொஞ்ச தூரம் டி.சி. எல்லைக்குள் வருகிறது. அதற்காகப் பாலத்தின் கடைசி வரை பொறுத்துக்கொள்கிற ஆள் நான். அவ்வளவு ஒழுங்கு.)

அன்றைக்கு எல்லைக்கு இந்தப் பக்கம், ஹெண்டர்சன் தாண்டினதும் மகள் வாந்தி எடுத்துவிட்டாள். காரை ஓரம் கட்டி, சீட்டைத் துடைத்து, சட்டை மாற்றி, மறுபடி கிளம்பினோம். டப்பா ஞாபகமே இல்லை, ஒருத்தரும் ஞாபகப்படுத்தவும் இல்லை. வர்ஜீனியாவுக்குள் நுழைந்து, பிரேசி எக்ஸிட் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் பின்னால் நீல விளக்கு. போலீஸ் மாமா வந்து ஜன்னல் பக்கம் குனிந்து, "காரில் டிடெக்டர் இருக்கிறதா?" என்றுதான் முதலில் கேட்டார். லைசென்ஸே அப்புறம்தான்.

எப்படித் தெரிந்தது என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். டிடெக்டர் சும்மா காது கொடுத்துக் கேட்கிற கருவி இல்லை. உள்ளே தானே ஒரு சின்ன அலையை உண்டாக்கி, வெளியே இருந்து வருகிற அலையோடு கலந்து பார்த்துத்தான் கண்டுபிடிக்கிறது. அந்த உள் அலை கொஞ்சம் வெளியே கசியும். அந்தக் கசிவை மோப்பம் பிடிக்கப் போலீஸ் கையில் இன்னொரு கருவி. கசிவு குறைந்த மாடல்கள் இப்போது இருக்கின்றன. என்னுடையது அந்த ரகம் இல்லை.

அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. நான் புத்திசாலித்தனமாக, "சார், நான் ஸ்பீடே போகவில்லை, வேண்டுமானால் டேஷ்கேம் பாருங்கள்" என்று ஃபோனில் வீடியோவை எடுத்துக் காட்டினேன். கீழ் மூலையில் வெள்ளை எழுத்தில் 68, சந்தேகமே இல்லை. கூடவே ஆடியோவில் டிடெக்டர் அம்மணியின் குரல்: "கே பேண்ட்... கே பேண்ட்..." மனுஷன் சிரிக்காமல் இருக்க ரொம்பப் பாடுபட்டார். டிக்கெட் எழுதும்போது மட்டும் பாடுபடவில்லை.

உங்கள் கதைகளையும் கொட்டுங்கள்.

ஹூஸ்டன் அக்கா

தம்பி, சிரித்துச் சிரித்து டீ சிந்திவிட்டது.

டெக்ஸஸில் டிடெக்டருக்குத் தடை இல்லை, ஆனால் ஊருக்குள் அது படுத்துகிற பாடு சொல்லி மாளாது. கே பேண்ட் என்பது ரேடார் அலையில் ஒரு ரகம், 24 ஜிகாஹெர்ட்ஸ் பக்கம். கடை வாசலில் தானாகத் திறக்கிற கதவும் அங்கேதான் பேசும், பக்கத்து லேன்காரனின் பிளைண்ட் ஸ்பாட் சென்சாரும் அங்கேதான் பேசும். புதிதில் மளிகைக்கடை தாண்டும்போதெல்லாம் கத்தி, மாமியார் "இதென்ன கோழிக்குஞ்சா?" என்று கேட்டார். இப்போது வாங்கியது ஜிபிஎஸ் வைத்தது. ஒரே இடத்தில் ஒரே அலை சில தடவை வந்தால் இது கதவு என்று புரிந்துகொண்டு வாயை மூடிக்கொள்கிறது. கேஏ பேண்ட் என்று கத்தினால் மட்டும் நான் நிமிர்ந்து உட்காருவேன். 33-லிருந்து 36 ஜிகாஹெர்ட்ஸுக்குள் வருவது அநேகமாக போலீஸின் ரேடார் கன்தான்.

லேசர் (ரேடாருக்குப் பதில் ஒளிக்கற்றையால் வேகம் அளப்பது) என்று கத்தினால் ஒன்றும் செய்ய வேண்டாம். ஆயிரம் அடி தூரத்தில்கூட அந்தக் கற்றை மூன்று அடி அகலம்தான் இருக்கும். உங்கள் டப்பாவுக்குத் தெரிந்தால் அது உங்கள் காரிலேயே விழுந்துவிட்டது என்று அர்த்தம். உங்கள் வேகம் போலீஸ் கையில் ஏறியாகிவிட்டது. நீங்கள் பிரேக் போடுவது பின்னால் வருகிறவனுக்குத்தான் ஆபத்து.

ஆனால் காசுக்கு உதவியது டேஷ்கேம். போன நவம்பர், ஃபீடர் ரோட்டில் சிக்னலுக்கு நின்று பச்சை விழுந்து கிளம்புகிறேன், இடது பக்கத்திலிருந்து பிக்கப் ஒன்று சிவப்பைத் தாண்டி வந்து முன் சக்கரத்தில் இடித்தது. அந்த ஆள் இறங்கியதும் சத்தியம் செய்யாத குறையாக எனக்குத்தான் சிவப்பு என்றார். கூட வந்தவரும் அதையே சொன்னார். அவர் பக்கம் இரண்டு சாட்சி, என் பக்கம் ஒரு கேமரா. க்ளிப் அனுப்பிய நாலாவது நாள் அவர் இன்ஷூரன்ஸ் முழுப் பொறுப்பையும் ஏற்றுக்கொண்டது.

ஒரு சங்கடம். இடிப்பதற்கு முந்தைய ஒரு நிமிஷமும் அந்தக் கோப்பில் இருந்தது. அதில் நான் என் பையனை ஹோம்வொர்க்குக்காகத் திட்டுகிறேன். நல்ல தமிழில், முழு ராகத்தில். இன்ஷூரன்ஸ்காரப் பெண்மணிக்குத் தமிழ் தெரியாது என்று நினைக்கிறேன். நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

மெதுவாப்போ

லிமிட்டுக்குள் போனால் டிடெக்டர் எதற்கு என்ற கேள்விக்கு இதுவரை யாரும் பதில் சொல்லவில்லை.

கரிசல்காட்டான்

நியாயமான கேள்வி. உண்மையைச் சொல்லட்டுமா? டப்பா வந்த பிறகுதான் நான் 75-க்கு மேல் போகவே ஆரம்பித்தேன். அதற்கு முன்னால் க்ரூஸ் கண்ட்ரோலை 72-ல் வைத்துவிட்டுப் பாட்டுக் கேட்பேன்.

ஸ்காபரோ பொடியன்

அண்ணை, நீங்கள் வர்ஜீனியாவுக்குப் பயப்பிடுறியள். இஞ்ச கனடாவில, ஒன்ராறியோவில கண்ணாடியில பூட்டத் தேவையில்லை, காருக்குள்ள எங்க கிடந்தாலும் குற்றம். டிரங்குக்குள்ள வச்சாலும் அதே கதைதான். பொலிஸ் அதைப் பறிச்சுக்கொண்டும் போகலாம். எங்கட அத்தான் பஃபலோவில மலிவா வந்தது எண்டு ஒண்டு வாங்கி, எல்லைப் பாலம் பீஸ் பிரிட்ஜால வீட்டுக்குக் கொண்டுவந்தவர். அக்கா பெட்டியில எழுதியிருந்ததை வாசிச்சுப்போட்டு ரெண்டு நாள் கதைக்கேல்லை. இப்ப அது பஃபலோவில மாமி வீட்டு அலுமாரியில கிடக்குது. நியூயோர்க் பக்கம் போனால் மட்டும் அத்தான் அதை எடுத்துப் பூட்டுவார்.

இஞ்ச லிமிட்டுக்கு மேல 50 கிலோமீற்றர் ஓடினால் ஸ்ரண்ட் டிரைவிங். ரோட்டிலயே லைசென்ஸ் 30 நாள், கார் 14 நாள் போகும். காரில்லாமல் ஸ்காபரோவில 14 நாள் இருந்து பாருங்கோ, பிறகு ஒரு டப்பாவும் தேவைப்படாது.

டாஷ்காம் எல்லாற்ற காரிலயும் இருக்கு. குளிர்காலத்தில சறுக்கி வந்து இடிக்கிறவை எல்லாரும் "நீ திடீரெண்டு பிறேக் போட்டனீ" எண்டுதான் சொல்லுவினம்.

ஃபீனிக்ஸ் வெயில்

சுருக்கமாக என் முட்டாள்தனம். இங்கே கோடையில் வெளியே 115 ஃபாரன்ஹீட். மூடிய காருக்குள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டிருக்கிற கேமராவுக்கு எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள். முதல் கேமராவில் லித்தியம் பேட்டரி, ஜூலைக்குள் வயிறு ஊதி மூடி திறந்துகொண்டது. இரண்டாவது கெப்பாசிட்டர் வைத்தது, அது தாங்குகிறது.

கேமரா தாங்கியது, மெமரி கார்டு தாங்கவில்லை. "கார்டைச் சரிபார்க்கவும்" என்று தினமும் ஒரு பீப் அடித்தது. எரிச்சலாக இருந்ததால் சத்தத்தைக் குறைத்துவைத்தேன். பார்க்கிங்கில் எவனோ கதவைக் கிழித்துவிட்டுப் போன அன்று கம்ப்யூட்டரில் போட்டுப் பார்த்தால், கடைசியாகப் பதிவானது மூன்று மாதத்துக்கு முந்தைய கோயில் பிரயாணம். விடாமல் எழுதி அழிக்கிற வேலைக்கென்றே ஹை எண்டியூரன்ஸ் கார்டு விற்கிறார்கள். சாதாரண ஃபோன் கார்டைப் போடாதீர்கள். மாதம் ஒரு தடவை கேமராவிலேயே ஃபார்மேட் செய்யுங்கள். பீப் அடித்தால் கேளுங்கள்.

லாரி வீட்டுப் பையன் (நாமக்கல்)

எங்க பக்கம் டிடெக்டர் வைத்த வண்டியை நான் பார்த்ததில்லை. கேமரா மட்டும் நாலு வண்டியிலும் இருக்கிறது. அப்பா வைத்த எலுமிச்சம்பழம் மிளகாயும் அதே கண்ணாடியில்தான் தொங்குகிறது, அதை எடுக்க அவர் விடவில்லை.

ஹைவேயில் ராத்திரி எதுவும் நடந்தால் கூடுகிற கூட்டம் முதலில் பார்ப்பது சக்கரத்தை. எந்த வண்டிக்குச் சக்கரம் பெரிதோ அவன்தான் குற்றவாளி. கிருஷ்ணகிரி தாண்டி ராத்திரி ஒன்றரை மணிக்கு, லைட் இல்லாத டூவீலர் ராங் சைடில் எதிரே வந்தது. எங்க டிரைவர் அண்ணன் ஒடித்து, நிறுத்தி, ஆம்புலன்ஸுக்கும் அவரே சொன்னார். ஓட்டி வந்தவருக்குக் கால் முறிவு, நல்ல வேளையாக உயிருக்கு ஒன்றுமில்லை. ஆனால் அண்ணனுக்குச் சட்டை கிழிந்தது.

முன் கேமராவில் எல்லாம் தெளிவாக இருந்தது. சிக்கல் உள் கேமராவில். டூவீலர் தெரிவதற்கு எட்டு நொடி முன்னால் வரை அண்ணன் ஸ்பீக்கரில் வீட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கிறார். "சாப்பிட்டியா" என்று கேட்கிறார், அவ்வளவுதான். ஆனால் ஃபோன் கையில் இருக்கிறது.

உள் வீடியோ இல்லை என்று சொல்லிவிடலாமா என்று வீட்டில் ஒரு ராத்திரி முழுக்கப் பேச்சு. வக்கீல் ஒரே வார்த்தையில் முடித்தார்: கேமராவைக் கழற்றாமல் எடுத்த ஃபோட்டோ எஃப்.ஐ.ஆர். அன்றே போய்விட்டது, இரண்டு லென்ஸும் அதில் தெரிகிறது. 2024 ஜூலையிலிருந்து வந்திருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தில் 63-ம் பிரிவுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும், முன்பு 65பி என்று சொல்வார்களே, அது. அந்தப் படிவத்தில் கோப்பின் ஹாஷ் எண்ணையும் (கோப்புக்குக் கைரேகை மாதிரி) எழுத வேண்டும். கொடுத்த பிறகு ஒரு நொடியை வெட்டினாலும் எண் மாறிவிடும். அப்பா கடைசியில், "ரெண்டையும் குடு. நம்ம பக்கம் பேசுறது மட்டும் வேணும்னா எலுமிச்சம்பழமே போதும்" என்றார். கொடுத்தோம். கேஸ் நடக்கிறது. அண்ணன் இப்போது ஃபோனை டேஷ்போர்டு பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டுத்தான் கிளட்சை மிதிக்கிறார்.

யாருக்காவது அவசரம் வந்தால் ஒன்று ஞாபகம் வையுங்கள். இடித்த உடனே கேமராவில் அந்தக் கோப்பு அழியாமல் காக்கிற லாக் பட்டனை அழுத்திவிட்டு கார்டை எடுத்துவிடுங்கள். லேசான இடியில் தானாக லாக் ஆகாமல் போகலாம். சுழற்சிப் பதிவு அதன் மேலேயே எழுதிவிடும்.

ஹூஸ்டன் அக்கா

தம்பி, உங்க அப்பாவுக்கு ஒரு கும்பிடு.

கரிசல், ஒரு சந்தேகம். ஆடியோவை நீங்கள் ஆஃப் செய்துவிட்டீர்களா? என் மானம் போனதிலிருந்து நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். சில மாநிலங்களில் காரில் இருக்கும் எல்லோரும் சம்மதிக்காமல் பேச்சைப் பதிவு செய்வதே தப்பாமே, கலிஃபோர்னியா மாதிரி.

கரிசல்காட்டான்

அக்கா, உங்கள் கேள்வியைப் பார்த்துவிட்டு நேற்று ராத்திரி ஆஃப் செய்யத்தான் செட்டிங்ஸுக்குள் போனேன். வீட்டம்மா பின்னால் வந்து நின்று, வேண்டாம் என்றாள். ஏன் என்று கேட்டதற்குப் பதில் சொல்லாமல், லேப்டாப்பில் அந்தப் பழைய கோப்பைத் திறந்தாள். போலீஸ் காட்சி இல்லை, அதற்கு நாற்பது நிமிஷம் முந்தையது. ஹெண்டர்சன், ரோட்டோரம். படத்தில் கார்டு ரெயிலும் புல்லும் மட்டும்தான். மகள் அழுகிற சத்தம், டிஷ்யூ கிழிகிற சத்தம். அப்புறம் இவள் குரல், தெளிவாக: "ஏங்க, அந்த டப்பாவக் கழட்டிட்டீங்களா?"

அதற்கு நான் சொல்கிறேன்: "ம்ம்."