செல்வி சித்தியின் கழுத்துப் பிடிப்பு

செல்வி சித்தி: காலையிலிருந்து கழுத்தை வலப்பக்கம் திருப்பவே முடியவில்லை. மூன்று நாளாக தீபாவளி ஜாக்கெட்டுகளுக்கு ஹெம்மிங்கும் கொக்கியும்தான் வேலை. நல்ல தைலம் ஏதாவது இருக்கிறதா?

மாமா: சுளுக்கு எடுக்கிறவரிடம் போ செல்வி. எண்ணெய் போட்டு நீவி, ஒரு திருப்பு திருப்பிவிடுவார். எனக்கு சலூனில் முடி வெட்டியதும் கழுத்தைச் சொடக்கு எடுத்துவிடுவார்கள், சுகமாக இருக்கும்.

மீனா: நீவுவது சரி மாமா, திருப்புவது வேண்டவே வேண்டாம். மூளைக்குப் போகும் இரண்டு இரத்தக்குழாய்கள் கழுத்தெலும்பில் உள்ள துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. சட்டென்று முறுக்கும்போது அந்தக் குழாயின் உட்சுவர் கிழிந்தால் பக்கவாதம் வரை போய்விடும். அபூர்வம்தான், ஆனாலும் எனக்குப் பயமாக இருக்கிறது. நீங்களும் இனிமேல் முடி வெட்டியதும் எழுந்து வந்துவிடுங்கள்.

மீனா: சித்தி, கை மரத்துப்போகிறதா? கத்தரிக்கோல் பிடிக்க பலம் குறைகிறதா? காய்ச்சல், தலைசுற்றல் உண்டா? எங்காவது விழுந்தீர்களா?

செல்வி சித்தி: அதெல்லாம் இல்லை. கழுத்தும் தோளும் சேரும் இடம்தான் கல் மாதிரி இருக்கிறது. வலப்பக்கம்.

மீனா: அப்படியென்றால் தசைப்பிடிப்புதான். தலை கிட்டத்தட்ட 5 கிலோ. நிமிர்ந்திருந்தால் எலும்பு தாங்கிக்கொள்ளும், குனிந்தால் பின்கழுத்துத் தசைதான் இழுத்துப் பிடிக்க வேண்டும். தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைக்காமல் கையை நீட்டிப் பிடிப்பது மாதிரி. மூன்று நாளாகப் பிடித்திருக்கிறீர்கள்!

மீனா: முதலில் 15 நிமிடம் வெந்நீர் ஒத்தடம். அப்புறம் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, வலது கையால் இருக்கையின் அடியைப் பிடித்துக்கொள்ளுங்கள், தோள் எழும்பாது. இடது காதை இடது தோள் பக்கம் சாய்த்து 20 வினாடி. 3 முறை. பிறகு மறுபக்கம்.

மீனா: அடுத்தது உங்களுக்கு ரொம்ப முக்கியம். முகத்தைப் பாதி இடப்பக்கம் திருப்பி, இடது அக்குளை மோந்து பார்ப்பது போல மெல்லக் குனியுங்கள். இழுப்பு வலது தோள்பட்டை எலும்பின் மேல்முனை வரை ஓடும். இதுவும் 20 வினாடி, இரண்டு பக்கமும். இழுப்பது தெரிய வேண்டும், வலி கூடினால் அங்கேயே நிறுத்திவிடுங்கள். மூச்சை அடக்காதீர்கள்.

அம்மா: பள்ளிக்கூட டிரில்லில் கழுத்தை வட்டமாகச் சுற்றுவோமே, அது?

மீனா: பிடித்திருக்கும்போது வேண்டாம் அம்மா. தோளைச் சுற்றினால் போதும். வலி குறைந்ததும் தாடையை நேராகப் பின்னால் இழுத்து 5 வினாடி, 10 தடவை. குனிந்து வேலை செய்கிற எல்லோருக்கும் நல்லது.

செல்வி சித்தி: சரிம்மா. ஆனால் இன்னும் 22 ஜாக்கெட் பாக்கி. குனியாமல் எப்படிக் கொக்கி வைப்பது?

மீனா: மடியில் இரண்டு தலையணை அடுக்கி, அதன்மேல் துணியை வையுங்கள், அவ்வளவு குனிய வேண்டியிருக்காது. ஒவ்வொரு ஜாக்கெட் முடிந்ததும் எழுந்து நாலு எட்டு நடங்கள். கை மரத்தாலோ வலி கைக்கு இறங்கினாலோ உடனே டாக்டரிடம் போக வேண்டும்.

மறுநாள் காலை

செல்வி சித்தி: அந்த அக்குள் பயிற்சியில்தான் பிடிப்பு இளகியது. இன்று முக்கால்வாசி திரும்புகிறது. தலையணை மேல் வைத்துத் தைத்ததில் நேற்று 6 ஜாக்கெட் முடித்தேன்.

மாமா: மீனா, நான் இரண்டு தலையணை வைத்துப் படுக்கிறேன். ஒன்றை எடுத்துவிடவா?

மீனா: எடுத்துவிடுங்கள் மாமா. மல்லாந்து படுத்தால் தாடை நெஞ்சைத் தொடக்கூடாது, அதுதான் அளவு.