குழந்தைகளின் கவனத்தை அளப்பது: சோதனை அறையிலும் வகுப்பிலும்

மருத்துவ உளவியலாளர்:
ஏடிஎச்டி (கவனக்குறைவும் மிகைத் துடிப்பும் சேர்ந்த குறைபாடு) சந்தேகத்தில் வரும் 8 வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளுக்கு கானர்ஸ் சிபிடி 3 என்ற கணினிக் கவனச் சோதனையை வைக்கலாம். திரையில் எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து மறையும். ‘எக்ஸ்’ தவிர எது வந்தாலும் ஸ்பேஸ் பாரைத் தட்ட வேண்டும். மொத்தம் 360 எழுத்து, 14 நிமிடம். இடைவெளி 1, 2, 4 வினாடி என்று மாறுவதால் தாளம் பிடித்துத் தட்ட முடியாது.

தட்டாமல் விட்டவை கவனம் சிதறியதைக் காட்டும். ‘எக்ஸ்’ வந்தும் தட்டியதை உடனே அவசரபுத்தி என்று எழுதிவிடாதீர்கள். பதில் வேகமாக வந்திருந்தால்தான் அது அவசரம். மெதுவாக வந்தும் தப்பாகியிருந்தால் அதுவும் கவனக்குறைவே. 0.1 வினாடிக்குள் வந்த பதில், எழுத்தைப் பார்த்துத் தட்டியதே அல்ல. என்னைக் கேட்டால், பதில் நேரம் எவ்வளவு ஏறி இறங்குகிறது என்பதைத்தான் அறிக்கையில் முதலில் பார்க்க வேண்டும்.

சோதனையைக் கெடுப்பவை சின்ன விஷயங்கள்: கண்ணாடி போடாமல் வருவது, முந்தின இரவு சரியாகத் தூங்காதது, பின்னால் நின்று அம்மா ‘கவனிடா’ என்பது. பயிற்சிச் சுற்று முடிந்ததும் விதியைப் பிள்ளையே திருப்பிச் சொல்லட்டும்.

குழந்தை மனநல மருத்துவர்:
க்யூபிடெஸ்ட் என்ற இன்னொரு கணினிச் சோதனையில் பிள்ளையின் அசைவும் பதிவாகும். தலைப்பட்டையில் இருக்கும் குறியை அகச்சிவப்புக் கேமரா பின்தொடரும். இங்கிலாந்தில் மருத்துவ வழிகாட்டுதல்களை வெளியிடும் நைஸ் அமைப்பு 2024இல் 6–17 வயதினருக்கு இதைப் பரிந்துரைத்தது, வழக்கமான மதிப்பீட்டோடு சேர்த்து மட்டும்.

எண் நார்மலாக வந்தால் குறைபாடு இல்லை என்று அனுப்பிவிடக் கூடாது. அமைதியான அறை, பக்கத்தில் ஒரு பெரியவர், புதுக் கருவி. இந்தச் சூழலில் பல பிள்ளைகள் சமாளித்துவிடுவார்கள். 12 வயதுக்கு முன்பே சில அறிகுறிகள் இருந்தனவா, வீடு, பள்ளி என்று இரண்டு இடங்களிலாவது தெரிகிறதா என்று மனநலக் குறைபாடுகளைக் கண்டறியும் கையேடான டிஎஸ்எம்-5 கேட்கிறது. அதற்குக் கணினி பதில் சொல்லாது.

சிறப்புக் கல்வியாளர்:
டாக்டர், பள்ளியில் அளக்க ஒரு கட்டத்தாள் போதும். 20 நிமிடம், 15 வினாடிக்கு ஒரு கட்டம், ஆக 80. வேலையில் இருந்தால் டிக். எழுந்தால், பேசினால், வேறெங்கோ பார்த்தால் தனித்தனிக் குறி. ஒரு கட்டம் இந்தப் பிள்ளைக்கு, அடுத்தது அதே வகுப்பில் இன்னொரு பிள்ளைக்கு. ஒப்பிட ஆள் இல்லையென்றால் இரைச்சலான வகுப்பின் பழியெல்லாம் இவன் தலையில் விழும். கணக்கு நேரத்திலும் அவனுக்குப் பிடித்த பாடத்திலும் தனித்தனியாக எடுங்கள்.

குழந்தை மனநல மருத்துவர்:
அந்தத் தாளில் இன்னொரு குறியும் சேர்த்துக்கொள்ளுங்கள், மேடம். செய்துகொண்டிருந்த வேலை பாதியில் நின்று, சில வினாடி வெறித்துப் பார்த்து, தொட்டுக் கூப்பிட்டாலும் திரும்பாவிட்டால் ஆப்சென்ஸ் வலிப்பாக (உடல் உதறாமல், சில வினாடி நினைவு மட்டும் தப்பும் வலிப்பு) இருக்கலாம். அந்தப் பிள்ளைக்கு முதலில் இஇஜி (மூளை மின்னலைப் பதிவு) எடுக்க வேண்டும்.